கரும்புச் சோகை கிழித்த கை

வீரமுத்துவுக்கு ஊசி என்றால் பயம். மணலூர்பேட்டையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீசை அரும்பிய காலத்திலிருந்து தலை நரைக்கும்வரை கரும்பு வெட்டும் கேங்கில் கத்தியும் கையுமாக இருந்த ஆள் அவர். காய்ந்த கரும்பு இலையை இந்தப் பக்கத்தில் சோகை என்பார்கள். சோகைக்கடியில் விரியன் சுருண்டு கிடந்தால், கத்தி முனையால் தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு அடுத்த கரும்புக்குக் குனிவார். ஒருமுறை கட்டைவிரல் சதை கத்தியோடு போயிற்று. புகையிலையை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு, லாரி நிறையும்வரை வெட்டிவிட்டுத்தான் மரத்தடிக்கு வந்தார். அப்பேர்ப்பட்டவர் மயிரிழை போல ஒரு ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, குத்துவதற்கு முன்பே "ஆச்சாங்க? ஆச்சாங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

சர்க்கரை வியாதி வந்தபோது ஊரே ஒரே நகைச்சுவையைச் சொன்னது. ஆயுசெல்லாம் கரும்பு வெட்டியவனுக்குச் சர்க்கரை வராமல் வேறு எது வரும் என்று எதிர்வீட்டு வீரமணி சொல்ல, பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வீரமணி மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன். பாலில் தண்ணீர் கம்மியாகவும் பேச்சில் விஷமம் ஜாஸ்தியாகவும் கலப்பவன். அவன்மேல் வீரமுத்துவுக்கு அன்றிலிருந்து ஒரு கடுப்பு உண்டு.

மாத்திரைக்கு வியாதி அடங்கவில்லை. தினமும் காலையில் கஞ்சிக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தானே குத்திக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. பொண்டாட்டி சின்னப்பொண்ணு கற்றுக்கொள்வதாகச் சொல்லி, கொல்லையில் காய்த்த கத்தரிக்காயில் நன்றாகவே குத்தினாள். புருஷனின் கையைப் பார்த்ததும் ஊசியைக் கீழே போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்தான் ஆனந்தமேரி. கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்வராயன் மலையில் வண்டி போகாத ஊர்களுக்கெல்லாம் சொட்டுமருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கிய கால் அவருடையது. வீட்டுக்காரர் எட்வின் செத்துச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஷீபா சென்னையில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தால் வந்தாள், இல்லாவிட்டால் போன்தான்.

"நான் போட்டு வுடறேண்ணா. எனக்கு இன்னா வேலை கீது?" என்றார் ஆனந்தமேரி. மருந்தையும் அவர் வீட்டு பிரிட்ஜிலேயே வைத்துக்கொண்டார். சுற்றி வராமல் நேராக வருவதற்காக வீரமுத்துவே முள்வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து வெட்டினார். தினமும் காலையில் அந்தச் சந்து வழியாக ஆனந்தமேரி வருவார். அவர் காலைச் சுற்றிக்கொண்டு பிரின்ஸும் வரும்.

பிரின்ஸ் ஒரு செம்பட்டைக் கடுவன் பூனை. பெயருக்கு ஏற்ற மிதப்போடு நடக்கும். சொந்த வீட்டில் பாலும் மீனும் தின்றுவிட்டு, மற்ற காரியங்களுக்கெல்லாம் வீரமுத்துவின் கொல்லைக்கு வரும். கத்தரி நாற்றுக்காகக் கொத்திவிட்ட மண் பொலபொலவென்று இருக்கிறதல்லவா, அதுதான் அதற்குக் கக்கூஸ். நாற்றைப் பறித்துப் போட்டுவிட்டு, காரியம் முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, நல்ல பிள்ளையாகப் போகும். அடுப்புச் சாம்பலில் படுக்கும். கொடியில் காயும் வீரமுத்துவின் பனியன்மேல் பீய்ச்சிவிட்டுப் போகும். சின்னப்பொண்ணுவின் கோழி குஞ்சு பொரித்தால், எத்தனை குஞ்சு என்று சின்னப்பொண்ணுவுக்குத் தெரியும் முன்பே அதற்குத் தெரிந்துவிடும்.

வீரமுத்து செய்யாத வித்தை இல்லை. நாய்க்குப் பயம் காட்ட ஊரில் கட்டுவார்களே, நீலம் கலந்த தண்ணீர் பாட்டில், அதை வரிசையாக வேலியில் கட்டினார். பிரின்ஸ் ஒவ்வொரு பாட்டிலிலும் முதுகைத் தேய்த்துக்கொண்டு வந்தது. நாற்றுக்கு மேல் முள்ளைப் பரப்பினார். முள் இல்லாத இடத்தைத் தேடி, அடுத்த பாத்தியில் உட்கார்ந்தது. வேலியில் வெட்டிய சந்தை அடைத்துவிட்டால் தொல்லை விட்டது. ஆனால் அந்தச் சந்தை அடைத்தால் நர்சம்மா எந்த வழியாக வருவார்? ஊசியும் பூனையும் ஒரே வழியில் வந்துகொண்டிருந்தன. ஒன்று வேண்டும், ஒன்று வேண்டாம் என்று வேலியிடம் சொல்ல முடியுமா?

நர்சம்மாவிடமும் சொல்ல முடியவில்லை. ஒருநாள் வாயெடுத்தார். "உங்க பிரின்ஸு..." என்று ஆரம்பித்தபோது ஆனந்தமேரி மருந்தை ஏற்றிய ஊசியைக் கையில் பிடித்து, நுனியை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரின்ஸுக்கு இன்னாண்ணா?"

"ஒண்ணுமில்லிங்க. நல்லா கொழுகொழுன்னு கீது."

ஆனந்தமேரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அதுக்காகத்தாண்ணா நான் இங்க ஒக்காந்துகினு கீறேன். ஷீபா வாம்மா, வாம்மான்னு கூப்டுகினே கீறா. அவ இருக்கற பிளாட்ல பூனைக்கு எடமில்லன்றாங்க. வாயில்லாத ஜீவன எப்பிடி வுட்டுட்டுப் போறது?"

இது தெருவில் எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. தனியாக ஏன் கிடக்கிறீர்கள், மகளோடு போய் இருக்கலாமே என்று யார் கேட்டாலும் ஆனந்தமேரி பூனையைக் காட்டிவிடுவார். கேட்டவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

சித்திரை வெயிலில் அந்த வருஷம் பொரித்த குஞ்சுகளில் கடைசியாக மிஞ்சிய கருப்புக் குஞ்சையும் பிரின்ஸ் கவ்விக்கொண்டு வேலியேறியபோது, சின்னப்பொண்ணு விளக்குமாற்றைத் தூக்கி வீசினாள். அது புருஷன்மேல் விழுந்தது.

"ஊசிக்குப் பயந்துகினு பூனைக்குக் காவல் கெடக்கறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையாயா?"

வீரமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பூனையைக் கொல்வது என்பது அந்த வீட்டில் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமல்ல. பூனையைக் கொன்ற பாவம் வம்சத்தையே பிடிக்கும் என்பார்கள். அதற்கு ஊரில் வேறு முறை இருக்கிறது. சாக்கில் கட்டி, ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும். நடு ஆற்றில் சாக்கை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். திசை தெரியாமல் போய்விடும், ஆறு குறுக்கே கிடந்தால் திரும்ப வராது. பாலத்தின் வழியாகப் போகலாமா என்று வீரமுத்து கேட்டார். கூடாது என்று சின்னப்பொண்ணு சொல்லிவிட்டாள். பூனை ஆற்றில் இறங்கித் தாண்ட வேண்டும், ஆற்றுக்கு மேலே போனால் கணக்கில் வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தமேரி சர்ச்சுக்குப் போனதும், ஒரு கருவாட்டுத் துண்டைக் காட்டிப் பிரின்ஸைக் கூப்பிட்டார்கள். அது ராஜநடை போட்டு வந்தது. சாக்கு தலைமேல் விழுந்த பிறகுதான் அதற்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் சாக்கின் வாய் வழியாக ஒரு கையை நீட்டி, வீரமுத்துவின் முழங்கைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்தது. மூன்று கோடு, மூன்றிலும் ரத்தம். சின்னப்பொண்ணு மஞ்சளை அப்பிவிட்டாள்.

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது வீரமணி மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். "இன்னாண்ணா, சாக்கு? ஆத்துப் பக்கமா?" என்றான்.

"மணலு வேணும்டா. கோழிக் கூண்டுக்கு."

மணல் அள்ளப் போகிறவன் சாக்கைக் காலியாகத்தானே கொண்டுபோக வேண்டும் என்பது வீரமுத்துவுக்குப் பெண்ணையாற்றங்கரைக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தை மாதத்து ஆற்றுத் திருவிழாவுக்குக் கொஞ்சம் ஓடியது, அதோடு சரி. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆறு என்றால் மணல்தான். தண்ணீர் எப்போதோ வந்துபோகும் விருந்தாளி. அதனால், ஆற்றைத் தாண்டி விட வேண்டும் என்று பேசியபோது, அந்த ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று புருஷனும் கேட்கவில்லை, பெண்டாட்டியும் கேட்கவில்லை. வீரமுத்து சுடுமணலில் கால் புதையப் புதைய நடந்தார். நடு ஆற்றில் நின்று முறைப்படி சாக்கைச் சுற்றினார். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, அவசரத்தில் கஞ்சியைப் பாதியிலே வைத்துவிட்டு வந்திருந்தார். மூன்றாவது சுற்றில் ஆறும் கரையும் பனைமரமும் அவரைச் சுற்றின. மணலில் உட்கார்ந்துவிட்டார். சாக்குக்குள் இருந்தது தெளிவாகத்தான் இருந்தது. அக்கரையில் அவிழ்த்துவிட்டபோது ஓடக்கூட இல்லை. ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து, காலை நக்கிச் சுத்தம் செய்தபடி அவரைப் பார்த்தது.

மறுநாள் ஆனந்தமேரி சந்து வழியாக வந்தபோது அவர் காலடியில் பூனை இல்லை. கண் சிவந்திருந்தது. "நேத்துலேருந்து பிரின்ஸக் காணோம். பாத்தீங்களாண்ணா?"

"இல்லிங்களே" என்று வீரமுத்து சுவரைப் பார்த்துச் சொன்னார். ஊசிக்காக எப்போதும் பார்க்கிற சுவர்தான், அன்றைக்கு வேறு விதத்திலும் உதவியது.

ஆனந்தமேரி கையைப் பிடித்தார். குத்தவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காததால் வீரமுத்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். நர்சம்மா மஞ்சள் அப்பிய மூன்று கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னாண்ணா?"

"கரும்புச் சோகை கிழிச்சிடுச்சிங்க."

சோகை கிழிப்பது எப்படியிருக்கும் என்று வீரமுத்துவைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தாலுகாவில் இல்லை. அது மெல்லிசாக, நூல் வைத்து அறுத்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிக்கும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று கோடு போடாது. அதோடு அவர் கரும்புக் கொல்லைப் பக்கம் போயே வருஷக்கணக்காகிறது. பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் மனுஷனுக்கு வாயில் வந்தது பழைய தொழில்தான்.

ஆனந்தமேரி ஊசியைப் போட்டார். பஞ்சை வைத்து அழுத்தினார். "சோகைன்னா பயமில்ல. நாயோ பூனையோ பிராண்டியிருந்தா சும்மா வுடக்கூடாது. மலைமேல ஒருத்தரப் பாத்திருக்கேன். தண்ணிய மொண்டு குடுத்தா, செம்பப் பாத்தே பயந்து அலறுனாரு. அப்பறம் பொழைக்கல" என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகப் போனார்.

 அன்றைக்கு வீரமுத்து செம்பில் தண்ணீரை மொண்டு எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தனக்குப் பயம் வருகிறதா என்று உற்றுப் பார்த்தார். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. குடித்துப் பார்த்தார், இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மொண்டு வைத்தார். சின்னப்பொண்ணு இரண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "கெணத்துல போய்க் குதிச்சுப் பாரேன், பயம் கீதா இல்லியான்னு ஒரே முட்டா தெரிஞ்சுபூடும்" என்றாள்.

உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அங்கே இருக்கிற நர்சுகள் எல்லாம் ஆனந்தமேரியிடம் வேலை பழகியவர்கள். அதனால் பஸ் ஏறித் தியாகதுருகம் போனார். அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். வீரமுத்து கையை நீட்டி, வாழ்நாளில் முதல்முறையாக, தானே வாய்விட்டு ஊசி கேட்டார்.

"யார் வீட்டுப் பூனைங்க?"

"பக்கத்து வூட்டுதுங்க."

"அன்னைக்கே சோப்புப் போட்டுக் கழுவியிருக்கணும். ஊசி போட்டுடுறோம், சொல்ற நாள்ல மறுபடி மறுபடி வரணும். பூனையையும் பத்து நாள் கவனிச்சுப் பாருங்க. அது நல்லா இருந்தா நீங்களும் பயப்பட வேண்டியதில்ல. பக்கத்து வீடுதானே, நல்லதாப் போச்சு."

நல்லதாகப் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு தோளிலும் ஒவ்வொரு ஊசி போட்டார்கள். "ஆச்சாங்க?" என்று கேட்கக்கூட அவருக்கு நினைவில்லை.

மறுநாள் காலையில் ஆனந்தமேரி வீரமுத்துவின் சட்டைக் கையை மேலே தள்ளியபோது, தோளில் ஊசி வைத்த இடம் சிவந்து, சின்னதாகத் தடித்திருந்தது. மலை முழுக்க அந்த நாய்க்கடி ஊசியைப் போட்டுத் திரிந்தவர் அதைப் பார்த்தார். அடுத்த தோளையும் பார்த்தார்.  வழக்கமான இடத்தில் வழக்கமான ஊசியைப் போட்டார். அவர் திட்டியிருந்தால்கூட வீரமுத்துவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நர்சம்மா கிளம்பும்போது வேலிக்கு வெளியே பால் கேனோடு நின்ற வீரமணி குரல் கொடுத்தான். "இன்னா நர்சக்கா, பூனைதான் பூடுச்சே. இனிமே இன்னா, பொண்ணு வூட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதான? எப்ப?"

இந்தக் கேள்வியை அந்த வாரத்தில் தெருவே கேட்டுவிட்டது. ஆனந்தமேரி சந்தில் ஒரு காலை வைத்தபடி நின்றார். "போவணும்" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கெளம்பறேன்" என்றார்.

வீரமுத்துவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. பூனையைத் துரத்தினால் பூனை மட்டும் போகும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நர்சம்மாவை இந்த ஊரில் பிடித்துவைத்திருந்த ஒரே கயிறு அந்தச் சனியன் பிடித்த பூனை என்பதைத் தினமும் காதால் கேட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. அன்று மாலையே ஆனந்தமேரி சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டு, ஆற்று மணலைச் சட்டியில் போட்டு நனைத்து அதில் மருந்துப் புட்டியைப் புதைத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தார். சின்னப்பொண்ணு மறுபடியும் கத்தரிக்காயை எடுத்தாள். கத்தரிக்காய் முழுக்க ஓட்டை ஆனது. புருஷன் கை வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வீரமுத்து அவளுக்கு முன்பே மூடியிருந்தார்.

சனிக்கிழமை, ஒரு பாக்கெட் பாலும் கருவாடும் எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினார். புங்கமரத்தடியில் பூனை இல்லை. வேலி வேலியாகக் குனிந்து, "பிரின்ஸு, பிரின்ஸு" என்று கூப்பிட்டார். கொல்லையில் அதை என்னென்ன சொல்லியெல்லாம் திட்டியிருக்கிறார்! ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தக் கிழவனுக்கு என்ன ஆச்சு என்று பக்கத்தில் வந்து விசாரித்தார். வீரமுத்துவும் மறைக்கவில்லை. அக்கரையில் யாருக்குப் பயம்?

ஆட்டுக்காரர் சிரித்தார். "தண்ணி ஓடறப்ப தாண்டி வுட்டாத்தான்யா வராது. நீ மணல்ல நடந்து வந்து வுட்டிருக்க. பூனைக்கு ஆத்து மணலு இன்னா, வூட்டு வாசலு இன்னா? நீ வந்த வழியிலயே அதுவும் வந்திருக்கும். போய் வூட்ல பாரு."

வீரமுத்துவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லையே! கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. தான் செய்த காரியம் உருப்படாமல் போயிருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு திரும்பினார். வீட்டில் பூனை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனந்தமேரி கடைசி ஊசியைப் போட்டுவிட்டுச் சர்ச்சுக்குப் போய்வந்தார். அவர் வாசலில் ஒரு பெரிய பயணப் பை, ஜிப் போட்டு, பூட்டுப் போட்டு நின்றது. பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கி வருவதாக வீரமுத்து ஒப்புக்கொண்டிருந்தார். வழியனுப்ப வீரமணியும் வந்து நின்றான்.

அப்போது வீரமுத்துவின் கொல்லையில் கோழி கதறியது. சின்னப்பொண்ணு, "ஐயோ, என் குஞ்சு!" என்று அலறினாள். முந்தின நாள்தான் அடுத்த கோழி பொரித்திருந்தது. வீரமுத்து ஓடினார். அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் பிரின்ஸ் நின்றது. உடம்பு வற்றிப்போய், ஒரு காது கிழிந்து, வாயில் குஞ்சோடு நின்றது.

"வாடா ராசா" என்றார் வீரமுத்து. 

"குஞ்சப் புடுங்குய்யா!" என்று சின்னப்பொண்ணு கத்தினாள்.

"துன்னட்டும் வுடு."

 வீரமுத்து பூனையைக் குஞ்சோடு வாரி அணைத்துக்கொண்டு சந்தில் நுழைந்தார். சாக்குப் போட்டவனை அதற்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குஞ்சை விட்டுவிட்டு, அதே கையில், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு இழுப்பு இழுத்தது. குஞ்சு பிழைத்து ஓடியது. வீரமுத்து பூனையை விடவில்லை.

ஆனந்தமேரி அதை வாங்கி முகத்தில் அணைத்துக்கொண்டு அழுதார். மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். பிரின்ஸ் அவர் தோளில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

வீரமணிக்குக் கண்ணெல்லாம் வீரமுத்துவின் கைமேல் இருந்தது. "இன்னாண்ணா இது? புதுசா மூணு கோடு, பக்கத்துலயே பழசா மூணு கோடு, ரெண்டும் ஒரே மாதிரி கீது? போன ஞாயித்துக்கிழமை சாக்கு எடுத்துகினு ஆத்துப் பக்கம் போன இல்ல?"

வீரமுத்துவுக்குத் தலை சுற்றியது. இந்தத் தடவை அவர் எந்தச் சாக்கையும் சுற்றவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆனந்தமேரி பூனையின் கழுத்திலிருந்து முகத்தை எடுத்தார். "அது கரும்புச் சோகை கிழிச்சது" என்றார். "நான்தான மருந்து போட்டேன். சோகை எது, பூனை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு வீரமுத்துவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் மூன்று கோடும் இரண்டு தோளும் சாக்கும் ஆறும் எல்லாமே இருந்தன. முதல் நாளிலிருந்தே நர்சம்மாவுக்குத் தெரியும் என்பது வீரமுத்துவுக்குப் புரிந்தது. தெரிந்துகொண்டுதான் தினமும் வந்து ஊசி போட்டிருக்கிறார். வெட்கத்தில் அவருக்குக் காது சூடாகியது.

வீரமணி விடுகிறவனா? ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பாய்வான். "சரி, வந்த பூனைய வீரமுத்தண்ணன் பாத்துக்குவாரு. பையெல்லாம் கட்டியாச்சு, பொண்ணு வேற காத்துகினு கெடக்கும். பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்புங்க நர்சக்கா."

 பூனையைத் தடவிக்கொண்டிருந்த ஆனந்தமேரியின் கை நின்றது. பஸ் வரும் திசையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மலையேறிய மனுஷி வாசலில் நிற்க வழி தெரியாமல் நின்றார்.

அந்தச் சங்கடத்தைப் பார்க்கப் பொறுக்காமல், ஏதாவது செய்ய வேண்டுமே என்று, வீரமுத்து குனிந்து பையைத் தூக்கினார். கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றி லாரிக்குப் பலகையில் நடந்து பழகிய உடம்பு அது. எதை எவ்வளவு பலம் போட்டுத் தூக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். அந்தப் பலத்துக்குப் பை விசுக்கென்று மேலே வந்துவிட்டது. அதில் ஒன்றுமில்லை. ஒரு புடவைகூட இல்லை. பெரிய பை, பூட்டுப் போட்ட பை, காலிப் பை.

வாம்மா என்று சென்னையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஒருநாளும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். கேட்கிறவர்களுக்குக் காட்ட இவ்வளவு நாளும் ஒரு பூனை இருந்தது. அதைத்தான் வீரமுத்து சாக்கில் கட்டி ஆற்றைத் தாண்டி விட்டுவந்திருந்தார். இன்றைக்கு இந்தப் பெண்பிள்ளை எங்கே போவதாக இருந்தது? பஸ் ஏறி, எந்த ஊரில் இறங்கியிருப்பார்? வீரமுத்துவுக்கு ஊசி ஞாபகமே வரவில்லை.

அவர் பையை மெதுவாகக் கீழே இறக்கினார். வீரமணியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"இன்னாடா கெளம்பறது? பூனை வந்துடுச்சு, கண்ணு தெரியல? பொண்ணு வூட்ல பூனைக்கு எடமில்லன்னு எத்தினி வாட்டி சொல்றாங்க? அந்தப் பொண்ணு வேற ரெண்டு நாளா போன் மேல போனு, உடனே வாங்கன்னு. என் காதால கேட்டேன். அதெல்லாம் அனுப்ப முடியாதுன்னு நான் சொல்லிட்டேன். எனக்கு யார்டா ஊசி போடறது, நீயா?"

ஆனந்தமேரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.  "ஷீபா கோவிச்சுக்குவாண்ணா" என்றார்.

"கோவிச்சுக்கட்டுங்க."

வீரமுத்து மறுபடி குனிந்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, ஒரு முக்கு முக்கிப் பையைத் தூக்கினார். கனத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, படிக்குப் படி மூச்சுவாங்கிக்கொண்டு, அதை உள்ளே எடுத்துப் போனார்.

"அவ்ளோ கனமாண்ணா?" என்றான் வீரமணி.

"துணியெல்லாம் ஒண்ணு வுடாம அடுக்கி வெச்சிருக்காங்கடா" என்று உள்ளேயிருந்து சொன்னார் வீரமுத்து.